ஓஸி ஆஸ்போர்னின் முதல் தனித்தொகுப்பு: கேள்வி பதில்

1980 செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்த "பிளிசார்டு ஆஃப் ஓஸ்" தொகுப்பைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். ஓஸி முன்பு பாடிவந்த பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் வரலாறு முழுவதையும் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

கேள்வி: சபாத்திலிருந்து நீக்கப்பட்ட ஒருவருக்கு இவ்வளவு திறமையான குழு எப்படி அமைந்தது?

பதில்: 1979 ஏப்ரலில் ஓஸி நீக்கப்பட்டபோது, குடியும் போதையும் அவரை எங்கும் கொண்டுசேர்க்காது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் குவயட் ரயட் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ராண்டி ரோட்ஸ் என்ற இளைஞர் கிடைத்ததும் நிலைமை மாறியது. ரோட்ஸின் தாயார் வடக்கு ஹாலிவுட்டில் இசைப்பள்ளி நடத்தியவர். அந்தப் பள்ளியிலேயே மகனும் கிதார் கற்பித்து வந்தார். ரெயின்போ குழுவில் வாசித்திருந்த ஆஸ்திரேலியர் பாப் டெய்ஸ்லி பாஸ் கிதாருக்கு வந்தார். யூரியா ஹீப் குழுவின் லீ கெர்ஸ்லேக் கடைசியாக டிரம்ஸுக்கு வந்து சேர்ந்தார். கிராமப்புறத்தில் இருந்த ரிட்ஜ் ஃபார்ம் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1980 வசந்த காலத்தில் பதிவு நடந்தது. அந்த 1980 ஏப்ரலிலேயே, ஓஸியின் இடத்தில் ரோனி ஜேம்ஸ் டியோ பாடிய சபாத் தொகுப்பும் கடைக்கு வந்துவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த நால்வருக்கும் இருந்த நெருக்கடி விளங்கும்.

கேள்வி: "மிஸ்டர் குரோலி" பாட்டின் தொடக்கத்தில் வரும் கீபோர்டு யாருடையது?

பதில்: டான் ஏரி. பின்னாளில் டீப் பர்ப்பிள் குழுவில் கீபோர்டு வாசித்த ஜான் லார்டின் இடத்திற்கு வந்தவர் இவரே.

கேள்வி: "கிரேசி டிரெயின்" பாட்டில் வரும் தனிக்கிதார் ஏன் அவ்வளவு தடிமனாக ஒலிக்கிறது? எந்தக் கருவியால் அந்த ஒலி வருகிறது?

பதில்: கருவியால் மட்டும் வருவதில்லை. ரோட்ஸ் ஒரே தனிவாசிப்பை மூன்று முறை, ஏறக்குறைய மாற்றமே இல்லாமல் வாசித்துப் பதிவு செய்தார். ஒலிப்பதிவாளர் மாக்ஸ் நார்மன் ஒன்றை நடுவிலும், மற்ற இரண்டையும் சற்றே அடக்கி இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் வைத்தார். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் வைத்துக் கேளுங்கள். ஓரத்து வாசிப்பு நடுவாசிப்போடு மயிரிழை விலகுவது தெரியும். அந்த விலகல்தான் தடிமன். ஒரே பதிவைக் கணினியில் அப்படியே நகலெடுத்துப் பக்கத்தில் வைத்தால் இது கிடைக்காது. ஆம்பிளிஃபயர் மார்ஷல் நிறுவனத்துடையது, அதன் குமிழ்களை எந்த எண்ணில் வைப்பது என்று உங்கள் கிதார் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தக் குறுந்தகட்டை இப்போது வாங்கினால் எந்தப் பதிப்பை வாங்குவது?

பதில்: 2002 மறுபதிப்பை மட்டும் வாங்காதீர்கள். டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் உரிமத்தொகை கேட்டு வழக்குத் தொடர்ந்த பிறகு வந்த அந்தப் பதிப்பில், இருவரின் வாசிப்பும் அழிக்கப்பட்டு, ராபர்ட் ட்ருஹியோவும் மைக் போர்டினும் புதிதாக வாசித்தவை ஒட்டப்பட்டுள்ளன. அவர்கள் திறமையில் குறைவில்லை. ஆனால் ரோட்ஸ் எந்த பாஸ் வாசிப்போடு உரையாடினாரோ, அது அங்கே இல்லை. 2011 பதிப்பில் பழைய வாசிப்பு திரும்பிவிட்டது.

கேள்வி: ஓஸியின் பெயரில் வந்த தொகுப்பு ஓஸியுடையதுதானே? பின்னணிக் கலைஞர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதில்: "பின்னணிக் கலைஞர்கள்" என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை. "பிளிசார்டு ஆஃப் ஓஸ்" என்பது குழுவின் பெயராக இருக்கும் என்ற எண்ணத்தில்தான் மற்றவர்கள் உழைத்தார்கள். உறை அச்சாகி வந்தபோது ஓஸியின் பெயரே பெரிதாக நின்றது. பாடல் வரிகளில் பெரும்பகுதி டெய்ஸ்லி எழுதியவை. தயாரிப்பாளர்கள் என்று உறையிலேயே நால்வரின் பெயரும் இருக்கிறது.

அதே வாசகர் மீண்டும்: வரிகளை யாரும் எழுதலாம். ஓஸியின் குரல் இல்லையென்றால் யார் வாங்கியிருப்பார்கள்?

பதில்: குரலை நான் குறைத்துப் பேசவில்லை. பாடும் மெட்டுகளை அமைப்பதில் ஓஸிக்கு இருந்த கைத்திறனும் உண்மை. விற்றது ஓஸியின் பெயர் என்பதால் ஆக்கியதும் அவர் ஒருவரே என்றாகிவிடாது. அடுத்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள்: "டைரி ஆஃப் எ மேட்மேன்" என்ற அடுத்த தொகுப்பு முழுவதையும் வாசித்து முடித்த டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் நீக்கப்பட்டார்கள், அதன் உறையில், ஒரு சுரம்கூட வாசிக்காத ரூடி சார்ஸோவும் டாமி ஆல்ட்ரிட்ஜும் இடம்பெற்றார்கள். வாசித்தவரின் பெயரை மறைக்கும் அளவுக்கு அவர் முக்கியமற்றவர் என்றால், 2011 இல் அவருடைய வாசிப்பைத் தேடி எடுத்து மீண்டும் வெளியிட்டது எதற்காக?

மற்றொரு வாசகர்: இருவரும் சண்டையை நிறுத்துங்கள். ரோட்ஸ்தான் எல்லாம்.

பதில்: இதுவும் அதே தவறுதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறார். "டீ" என்ற ஐம்பது விநாடிக் கருவியிசை முழுக்க ரோட்ஸுடையது, தாயாருக்காகச் செய்தது. ஆனால் "ரெவலேஷன்" பாட்டில் கிதார் ஓயும் இடங்களில் பாஸ் என்ன செய்கிறது என்று கேட்டுவிட்டுப் பிறகு வந்து பேசுங்கள். ரோட்ஸ் 1982 மார்ச் 19 அன்று ஃபுளோரிடாவில் விமான விபத்தில் 25 வயதில் இறந்ததால், அவரைப் பற்றிய பேச்சில் மற்ற இருவரும் காணாமல் போய்விடுகிறார்கள். கெர்ஸ்லேக் புற்றுநோயோடு போராடியபடி, தம் பங்குக்கான பிளாட்டினத் தகடு (பெருவிற்பனைக்குத் தரப்படும் விருது) வேண்டும் என்று கேட்டுப் பெற்றது 2019 இல். மறு ஆண்டு அவரும் இறந்தார்.

கேள்வி: விற்பனை எப்படி?

பதில்: விற்பனைப் பட்டியலில் இங்கிலாந்தில் 7 ஆம் இடம், 1981 இல் வெளியானபோது அமெரிக்காவில் 21 ஆம் இடம். அமெரிக்காவில் மட்டும் நாற்பது லட்சத்துக்கும் மேல்.

கேள்வி: மலிவாக ஒரு 2002 பதிப்பு கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: மேலே சொன்னதைப் படிக்கவும். கூடாது.

கேள்வி: இந்தத் தொகுப்பின் போதுதானே அவர் வௌவாலைக் கடித்தார்?

பதில்: இல்லை. அது 1982 ஜனவரியில், அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகர மேடையில், அடுத்த தொகுப்புக்கான சுற்றுப்பயணத்தில் நடந்தது. வௌவாலைப் பற்றி வந்திருக்கும் மற்ற கேள்விகளுக்கும் இதுவே பதில். அவர் புறாவைக் கடித்ததைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.