கீழே நூல் சிக்கினால் மேல்நூலைப் பாருங்கள்

கேள்வி: வீட்டின் ஓர் அறையில் கேன்வாஸ் பைகள் தைத்து விற்கிறேன். மோட்டார் பொருத்திய என் தையல் மிஷினில் ஒரு வாரமாகத் துணியின் அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சிக்குகிறது. தையல் விட்டுவிட்டு விழுகிறது. நேற்று மோட்டாரிலிருந்து கருகிய வாடையும் வந்தது. வந்து பார்த்த மெக்கானிக், “டைமிங் போய்விட்டது, மோட்டாரும் முடிந்தது, இதை என்னிடம் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். முடித்துக் கொடுக்க வேண்டிய ஆர்டர் கையில் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: முதலில், மிஷினை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் ஒரே நோயின் அறிகுறிகளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்றையும் ஒன்றாகக் கட்டி “முடிந்துவிட்டது” என்று தீர்ப்புச் சொன்னவர் ஊசியைக் கழற்றிப் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பார்த்திருந்தால் இவ்வளவு விரைவில் பழைய மிஷினுக்கு விலை பேசியிருக்க மாட்டார்.

துணியின் அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் சந்தேகிக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் குற்றவாளி மேல்நூல். ஊசி கீழே இறங்கியதும் அடியில் சுழலும் கொக்கி மேல்நூலைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. அந்த நூலை மீண்டும் மேலே இழுத்து இறுக்குவது முன்பக்கம் ஏறி இறங்கும் நூலிழுக்கும் கை. மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் வெளியே தொங்கினால், எவ்வளவு இழுத்தாலும் உருளையிலிருந்து புதிய நூல்தான் வருமே தவிர, அடியில் தளர்ந்து கிடக்கும் நூல் மேலேறாது. அதுதான் கொத்தாகச் சேர்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துகால் இறங்கியிருக்கும்போது தட்டுகள் இறுக மூடியிருப்பதால், அந்த நிலையில் நூல் கோத்தால் நூல் உள்ளே நுழையாது. ஆகவே முழுவதையும் உருவிவிட்டு, அழுத்துகாலைத் தூக்கி வைத்து, முதலிலிருந்து மீண்டும் நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு அழுத்துகாலை இறக்கி, ஊசிப் பக்கம் நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். கை உணரும்படி நூல் எதிர்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் நூல் தட்டுகளுக்குள் இல்லை, அல்லது தட்டுகளின் நடுவே பஞ்சு அடைத்திருக்கிறது.

அடுத்தது ஊசி. கேன்வாஸ் தைக்கிறவர்கள் ஊசியை உடையும்வரை மாற்றுவதில்லை, இது எனக்குப் பெரிய மனக்குறை. ஏறத்தாழ எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்பது பொதுவான கணக்கு, தடித்த துணிக்கு அதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் மேல் குறித்திருக்கும் 90 என்ற எண், அதன் தடிமன் 0.9 மி.மீ. என்பதைச் சொல்கிறது. பையின் கைப்பிடி வந்து சேரும் மூலையில் துணி நான்கைந்து மடிப்பாகும்போது அவ்வளவு மெல்லிய ஊசி வளைந்துகொடுக்கும், வளைந்த ஊசியைக் கொக்கி தவறவிடும், அதையே நீங்கள் “விட்டுவிட்டு விழுகிறது” என்கிறீர்கள். 100 அல்லது 110 எண் ஊசி வாங்குங்கள். ஊசியின் தட்டையான பக்கம் கொக்கியின் பக்கமாகவும், நீளமான பள்ளம் நீங்கள் நூல் கோக்கும் பக்கமாகவும் இருக்க வேண்டும், ஊசி மேலே முட்டும்வரை ஏறியிருக்கவும் வேண்டும். பழைய ஊசியின் தட்டைப் பக்கத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்துக் குனிந்து பாருங்கள். கண்ணாடிக்கும் ஊசிக்கும் இடையே தெரியும் வெளிச்சக் கீற்று நுனிவரை ஒரே சீராக இல்லையென்றால் ஊசி வளைந்துவிட்டது.

“டைமிங் போய்விட்டது” என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் மிக அதிகமாக ஏமாற்றுவதற்குப் பயன்படும் சொல் அதுதான். ஊசி அடிமட்டம்வரை இறங்கி, அங்கிருந்து சுமார் 2 மி.மீ. மேலேறும்போது, கொக்கியின் முனை ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே உரசாமல் ஒட்டினாற்போலக் கடந்துபோக வேண்டும். இந்த ஒத்திசைவே டைமிங். இது தானாக, காரணமில்லாமல், ஒரு வாரத்துக்குள் நழுவுவது அரிது. ஊசி உலோகத்தில் மோதி உடைந்திருந்தாலோ, உள்ளே நூல் இறுகிக்கொண்ட நிலையில் பெடலை மிதித்துத் தள்ளியிருந்தாலோதான் பெரும்பாலும் நழுவும். நான் சொல்வதற்கெல்லாம் ஒரு விலக்கு உண்டென்றால் அது இதுதான்: கடந்த சில நாட்களில் ஊசி “டக்” என்ற ஓசையோடு உடைந்ததா, அதற்குப் பிறகுதான் தையல் கெட்டதா என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். அப்படி நடந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊசி இறங்கும் துளையுள்ள ஊசித்தட்டைக் கழற்றி, புதிய ஊசி போட்டு, கைச்சக்கரத்தை மெல்ல உங்கள் பக்கமாகச் சுற்றியபடி கொக்கியின் முனை எங்கே கடக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது ஊசிக்கண்ணுக்குக் கீழே கடந்தாலோ, ஊசியில் இடித்தாலோ டைமிங் உண்மையிலேயே நழுவியிருக்கிறது, அதை நீங்களாகச் சரிசெய்ய முயல வேண்டாம். கொக்கியின் மேல் ஒரு சிட்டிகைப் பஞ்சைத் தேய்த்தால் இழை மாட்டிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது, அதையும் மெக்கானிக்தான் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். ஊசி உடையவே இல்லை, கொக்கி சரியான இடத்தில் கடக்கிறது என்றால் டைமிங் என்ற பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம்.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மிஷினில் ஊசித்தட்டைத் திறந்தபோது, துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியில் பஞ்சு கம்பளிபோல இறுகிக் கிடந்தது. இடுக்கியால் பிடுங்கியதும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரே துண்டாக வந்தது, அதற்குள் முறிந்த ஊசிமுனை ஒன்று குத்தி நின்றது. அதற்கு முன் இரண்டு இடங்களில் டைமிங் சரிசெய்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள். இரண்டு பேருமே தட்டைத் திறக்கவில்லை என்பதற்கு அந்தப் பஞ்சே சாட்சி.

இனி மோட்டார். கருகிய வாடையை அலட்சியப்படுத்தக் கூடாது, ஆனால் அது மோட்டாரின் மரணச் செய்தியும் அல்ல. பிளக்கைப் பிடுங்கி, நூலையும் பாபினையும் எடுத்துவிட்டு, கைச்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கனமாகச் சுற்றினால் மோட்டார் பாவம், மிஷினின் இறுக்கத்தை இழுத்து இழுத்துச் சூடேறியிருக்கிறது. அந்த இறுக்கத்துக்கு அச்சில் சுற்றிய நூலோ, உள்ளே ஊற்றிய சமையல் எண்ணெய் பிசினாக உறைந்ததோ காரணமாக இருக்கும். தையல் மிஷின் ஆயிலை மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டு, கையாலேயே பலமுறை சுற்றி, வழியும் கறுப்பைத் துடைத்து, இலகுவாகும்வரை மீண்டும் செய்யுங்கள். மோட்டாருக்குள் ஒரு சொட்டும் விழக் கூடாது. கைச்சக்கரம் இலகுவாகச் சுற்றியும் வாடை வந்தால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது விரல்நுனி அளவுகூட இல்லாத ஒரு ஜோடிக் கரித்துண்டு. அதை மாற்றினால் போதுமான இடத்தில் முழு மோட்டாரையும் மாற்றிப் பணம் வாங்குகிறார்கள். தடித்த துணியை மெதுவாக மிதித்து நெடுநேரம் தைத்தாலும் இந்த மோட்டார்கள் சூடாகும், மெதுவாகச் சுழலும்போது உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகத்தான் சுழல்கிறது. தடித்த மூலைகளைக் கைச்சக்கரத்தால் சுற்றித் தாண்டுங்கள். மிஷினைத் தொட்டால் ஷாக் அடித்தாலோ, பெடலை மிதிக்காமலேயே ஓடினாலோ பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். பெடலைத் திறக்கவும் வேண்டாம்.

இவ்வளவு எளிய விஷயங்கள் ஏன் பல கையேடுகளில் இப்படி வெளிப்படையாக எழுதப்படுவதில்லை என்று நான் பலமுறை கோபப்பட்டிருக்கிறேன். கையேட்டின் பாதி, “அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும்” என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அங்கே போனால் ஒரு சிறு பல்சக்கரம் தனியாகக் கிடைக்காது, அதைத் தாங்கிய முழுப் பகுதியையும் வாங்கு என்கிறார்கள். இந்த ஏற்பாடுதான் இடைத்தரகர்களை வளர்க்கிறது. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கச் சொல்பவர் உங்கள் மிஷினைத் துடைத்து, ஊசி மாற்றி, வேறொருவருக்கு நல்ல விலைக்கு விற்பார்.

எனவே மெக்கானிக்கிடம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டு கொடுங்கள். மிஷினின் வரிசை எண்ணையும் மோட்டாரையும் படமெடுத்து வையுங்கள். தையல் கெட்டிருக்கும் துணித்துண்டையே அவர் கையில் கொடுங்கள், வாய்ச்சொல்லைவிட அது தெளிவாகப் பேசும். குறை பார்க்கும் கூலியையும் பழுது நீக்கும் கூலியையும் தனித்தனியாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னதும் முகம் சுளிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். திரும்ப வாங்கும்போது அவர் வைத்திருக்கும் மெல்லிய துணியில் அல்ல, உங்கள் கேன்வாஸில், நான்கு மடிப்பில், உங்கள் நூலால் தைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்டரைப் பொறுத்தவரை, மேல்நூலும் ஊசியும் பஞ்சும் பார்த்து முடிக்க ஒரு மாலை போதும். அதில் சரியாகவில்லையென்றால் வாடிக்கையாளரிடம் அன்றைக்கே சொல்லிக் கூடுதல் நாள் கேளுங்கள், கடைசி நாளில் சொல்வதுதான் பெயரைக் கெடுக்கும். நேர்த்தையல் மட்டும் போடும் கால்மிதி மிஷின் தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடந்தால், அதை இரவலாகக் கேட்டுப் பாருங்கள், பை தைக்க அதுவே தாராளம். அடுத்தமுறை நூல் வாங்கும்போது இரண்டு பாக்கெட் ஊசி, உங்கள் மிஷினுக்குப் பொருந்தும் ஒரு பெல்ட், ஒரு ஜோடி கார்பன் பிரஷ் ஆகியவற்றையும் வாங்கி, மிஷினின் மாடல் எண்ணை மேலே எழுதிய ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.