பெல்ட் இருக்கா என்று கேளுங்கள்

அன்புள்ள அண்ணா,

உப்புவெளியில் இருக்கிறேன். மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இத்தனை நாளும் பஸ்தான். இனி ஸ்கூட்டி எடுப்பதாக முடிவு. போக 40, வர 40 கிலோமீட்டர். மாதம் ஒருதரம் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்கு அம்மாவிடமும் போகவேண்டும். அதனால் ஹைவேயில் ஓடக்கூடியதாகப் பார்க்கிறேன். டிவிஎஸ் என்டார்க் 125, யமஹா ரே இசட்ஆர் 125, இரண்டில் ஒன்று. முதலாவது இங்கே டவுனில் ஒரு கடையில். ஒரு சதமும் குறைக்கமாட்டார்களாம். மற்றது வவுனியாவில், 45,000 ரூபாய் குறைவு, ஹெல்மெட்டும் தருகிறார்கள். பின்சில்லு சின்னது, ரே வேண்டாம் என்கிறார் எங்கள் பாடசாலை சேர். பாரம் குறைந்ததை எடு என்கிறான் தம்பி. நீங்களும் ஸ்கூட்டிக்காரர்தானே, சொல்லுங்கள்.

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஹைவே என்றால் இப்போது நம் சனத்துக்கு ஞாபகம் வருவது காலி, மாத்தறைக்குப் போகும் அதிவேகப் பாதைதான். அதில் ஸ்கூட்டிக்கு இடமில்லை. ஆயிரம் சிசி மோட்டார் சைக்கிள் என்றாலும் வாசலில் திருப்பிவிடுவார்கள். அது திருகோணமலைக்கு வரவுமில்லை. உங்களுக்கு வேண்டியது மூதூருக்கு ஏ15, வவுனியாவுக்கு ஏ12, ஏ29. இந்த வீதிகளில் 60, 65இல் ஒன்றிரண்டு மணித்தியாலம் திணறாமல் ஓடினால் போதும். அதை இரண்டும் செய்யும். வேகத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தள்ளிவிட முடியாது.

சேர் சொன்ன சில்லுக் கதைக்கு வருவோம். என்டார்க்குக்கு முன்னும் பின்னும் 12 அங்குலம். ரேக்கு முன்னால் 12, பின்னால் 10. கேட்க இரண்டு அங்குலம் பெரிய வித்தியாசமாகத்தான் இருக்கும். ஆனால் அது ரிம் கணக்கு. ரே பின்ரயர் 110/90, என்டார்க் பின்ரயர் 110/80. முதல் எண் ரயரின் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை வீதம் உயரம் என்பது. ரேயின் ரயர் உயரம் கூடியது. ரயரோடு சேர்த்து அளந்தால் என்டார்க்கின் பின்சில்லு ஓர் அங்குலத்துக்குச் சற்றுத்தான் பெரிது. முன்சில்லு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே உயரம். கிடங்கில் முதலில் விழுவதும் முன்சில்லுதான். சேரிடம் இதைச் சொல்லவேண்டாம். கணக்குப் பாடம் எடுப்பவராக இருந்தால் மனம் நோகும்.

தம்பியின் பேச்சில் பாதி சரி. ரே 99 கிலோ, என்டார்க் 118. பாடசாலை முற்றத்து மணலில் வண்டியைப் பின்னால் இழுத்துத் திருப்பும்போது அந்த 19 கிலோவின் அருமை தெரியும். மற்றப் பாதி மூதூர் வழியில் வரும் கிண்ணியாப் பாலத்தில் இருக்கிறது. 2009இல் அந்தப் பாலம் திறக்கமுன்னர் பாதைப் படகில் ஏறி நின்று கடந்தவர்கள் நாங்கள். அப்போது காற்று நமக்கு வேடிக்கை. இப்போது 396 மீற்றர் நீளத்துக்கு மறைப்பே இல்லாமல் நீங்கள் தனியே போகவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் (வறுத்துத் தின்னும் கச்சானைச் சொல்லவில்லை) பாலத்தில் ஏறியதும் பக்கத்தில் யாரோ தோளால் இடித்ததுபோல் வண்டி ஒரு முழம் விலகும். எதிரே பஸ் வந்தால் நெஞ்சு திக்கென்னும். பாரமான வண்டி கொஞ்சம் குறைவாக விலகும், அவ்வளவுதான். எந்த வண்டியானாலும் பாலத்தில் 40க்குக் குறைத்துவிடுங்கள்.

ஆக, வண்டியை வைத்துப் பார்த்தால் தராசு பெரிதாகச் சாயவில்லை. கடையை வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

என் கதை ஒன்று. 2019இல் ஒரு ஸ்கூட்டி வாங்கினேன். உங்களைப்போலவே விலை குறைவென்று வெளியூர்க் கடை ஒன்றில். கொம்பனியின் பெயர் வேண்டாம். இரண்டு வருடம் ராசா மாதிரி ஓடியது. ஒருநாள் ஹபரணையிலிருந்து வருகிறேன். கந்தளாய் வர இன்னும் தூரம் இருக்கிறது. பின்னேரம் ஐந்தரை. சீட்டுக்கு அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, சில்லு சுற்றவில்லை. ஸ்கூட்டிக்குச் செயின் கிடையாது, றப்பர் பெல்ட்தான் எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகிறது. அது அறுந்தால் வண்டி வெறும் தள்ளுவண்டி. அந்த வீதியில் அந்த நேரம் யார் வெளியே வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், யானையார்தான். காட்டோரத்தில் ஒரு கிளை முறிந்த சத்தத்துக்கு நான் வண்டியைத் தள்ளிய வேகம், பெல்ட் இருந்தபோதும் அது போகாத வேகம். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் நிறுத்தினார். கோவா மூட்டைக்கும் லீக்ஸ் கட்டுக்கும் நடுவில் ஸ்கூட்டியைக் கயிற்றால் கட்டி, நானும் அதைப் பிடித்துக்கொண்டே ஊர் வந்தேன். இரண்டு நாள் வீட்டில் லீக்ஸ் வாசம்.

அது பெரிய விஷயமில்லை. வாங்கிய கடைக்குப் போன் எடுத்தால் பெல்ட் இல்லை. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்த காலம். எங்கள் டவுன் கராஜ் பாஸ் பெல்ட்டைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது இங்கே ஓடாத மொடல், தம்பி” என்றார். மூன்று கிழமை வண்டி மாமரத்துக்குக் கீழே நின்றது.

2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்த பிறகு ஷோரூம்களில் புது வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வண்டி நிற்பது வேறு, சாமான் இருப்பது வேறு.

இனி உங்கள் கணக்கு. நாளுக்கு 80, மாதம் 20 நாள் என்றால் 1,600. வவுனியாப் பயணம் ஒன்று, ஏறத்தாழ 200. ஆக 1,800. பத்தாயிரம் ஓட மற்றவர்களுக்கு வருடக்கணக்கில் ஆகும், உங்களுக்கு ஆறு மாதம் போதும். 20,000ஐத் தொடும்போது பெல்ட்டைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். உங்களுக்கு அது ஒரு வருடத்துக்குள் வந்துவிடும். இப்படி ஓடுகிறவருக்கு 45,000 ரூபாய் ஆதாயம், சேர்விஸுக்கு 95 கிலோமீட்டர் தள்ளிப் போகவேண்டி வந்தால் கரைந்துபோகும். லீவு போட்டால் இன்னும் சீக்கிரம் கரையும்.

அதனால் டவுன் கடைக்குப் போங்கள். முன்னால் மேசையில் இருப்பவரிடம் பேசவேண்டாம், அவருக்கு வண்டியின் நிறம்தான் தெரியும். பின்னால் கராஜுக்குப் போய் பாஸிடம், “பெல்ட், ரோலர், பிறேக் பேட் மூன்றும் இப்போது இருக்கா? காட்டுங்கள்” என்று கேளுங்கள். எடுத்துக் கையில் தந்தால் என்டார்க்கை வாங்குங்கள். “ஓடர் போட்டால் வரும்” என்றால் கொஞ்சம் பொறுங்கள். டவுனில் ரேக்குச் சேர்விஸ் செய்கிற கராஜ் ஒன்றைத் தேடி, அங்கேயும் இதே மூன்றையும் கேளுங்கள். அவர்களிடம் இருந்தால் வவுனியாவில் வாங்கலாம், தம்பிக்கும் சந்தோஷம். முதல் இலவச சேர்விஸ்களை அம்மாவைப் பார்க்கப் போகிற நாளோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

நம்பர் பிளேட்டும் சி.ஆரும் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) எப்போது கைக்கு வரும் என்பதை இரண்டு இடத்திலும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். ஹொரவப்பொத்தானை வழியில் வெளிச்சம் இருக்கும்போதே வவுனியாவைப் பிடித்துவிடுங்கள், அதுவும் யானைப் பக்கம்தான்.

டவுன் கடையில் ஹெல்மெட்டையும் கேட்டுப் பாருங்கள். சதம் குறைக்காதவர்கள் ஹெல்மெட்டுக்கு இளகியதை நான் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணா