ஐ7 சரி, பின்னால் நம்பர் எங்கே?
கணினி கேள்வி-பதில்

கேள்வி: சார், திண்டுக்கல்லில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கேம் விளையாடவும், மாமாவின் சமையல் சேனலுக்கு வீடியோ எடிட் செய்யவும் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன். மானிட்டரோடு சேர்த்து ஒரு லட்சம் வரை தர அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார். விளையாடுவது வேலரன்ட், ஜிடிஏ 5. மாமா ஐபோனில் 4கே-யில் எடுப்பார். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் நான் எடிட் செய்வேன். கடையில் தந்த கொட்டேஷன்: ஐ7 பிராசஸர், 8 ஜிபி ரேம் ஒன்று, 4 ஜிபி ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோடு (மின்சாரம் தரும் பெட்டி) கேபினட், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 22 இன்ச் மானிட்டர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வையுங்கள், அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள். 'ஐ7' என்றதும் அவருக்குப் பிடித்துப்போகும்.

ஐ7 சரி, பின்னால் நம்பர் எங்கே? ஐ7-3770 என்றால் அது 2012-இல் வந்தது, நான்கு கோர், அதாவது வேலையைப் பங்குபோடும் நான்கு மூளை. 2022-இல் வந்த ஐ5-12400 ஆறு கோர். வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இதன் பக்கத்தில் நிற்காது. அலுவலகங்களில் கழித்துக்கட்டிய பிராசஸரைத் துடைத்து, புது கேபினட்டில் கலர் விளக்கோடு வைத்து 'கேமிங் பிசி' என்று விற்பது இன்று ஒரு தனித் தொழில். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும்; 3770 மூன்றாம் தலைமுறை. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். அதாவது, விளையாடவே விடாத ஐ7 உங்கள் தலையில் கட்டப்படலாம். ஜிடி 730-உம் 2014-இன் சரக்கு. 4 ஜிபி என்ற எழுத்து பெரிதாக இருக்கும். திரையில் படம் காட்டும், அவ்வளவுதான்.

பார்ட்ஸ் பட்டியல் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: எதில் எடுக்கிறீர்கள், எதில் வெட்டுகிறீர்கள்? நீங்கள் கேட்காமலே இரண்டையும் எழுதிவிட்டீர்கள், நல்லது. இதை நான் கற்றது காசு கொடுத்து. கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்பவன் நான். 2022-இல் ரைசன் 5600எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 3060 எல்லாம் போட்டு ஒரு மெஷின் கட்டினேன். பெருமை தாங்கவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு எங்கள் கேமராக்காரர் புதிதாக வாங்கிய சோனி ஏ7 ஃபோரில் எடுத்து வந்தார். எச்.265, 10 பிட், 4:2:2 வகை வீடியோ; நிற விவரம் அதிகம், பிரிப்பது கடினம். டைம்லைனில் போட்டதும் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலை மாற்றுவது போட்டோ ஆல்பம் புரட்டுவதுபோல ஒவ்வொரு படமாக நகர்ந்தது. அதே கிளிப், பக்கத்து ஸ்டுடியோவில் கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத ஒரு ஐ5-12400-இல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

காரணம், அந்த வகை வீடியோவைப் பிரிக்கும் தனிச் சுற்று இன்டெலின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் பதினோராம் தலைமுறையிலிருந்து இருக்கிறது. என் ரைசனிலும் இல்லை, 3060-இலும் இல்லை. என்விடியா அதைச் சேர்த்தது 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான். அந்த சீசன் முழுக்க ராத்திரி பிராக்ஸி (எடிட்டுக்கு எளிதான சிறு நகல்) போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எடிட் செய்தேன். ஐபோனின் வழக்கமான வீடியோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது 4:2:0, நிற விவரம் குறைவு, இன்றைய எந்தக் கார்டும் எளிதாகப் பிரிக்கும். ஆனால் சேனல் நன்றாகப் போனால் மாமா கேமரா வாங்காமல் இருக்கப் போவதில்லை.

சரி, உங்களுக்கு என்ன போடலாம்? பிராசஸர் ஐ5-12400 போதும். கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவு என்று அதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். எஃப் இல்லாததையே கேளுங்கள். கார்டு வாரண்டிக்குப் போகும் நாட்களில் திரை இருட்டாகாது, மாமா போன் செய்து திட்டவும் மாட்டார்.

மிச்சமாகும் பணம் கார்டுக்கு. ரிசால்வ் பிராசஸரைவிட கிராஃபிக்ஸ் கார்டை அதிகம் தின்னும், கார்டின் மெமரியையும். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5060 புதியது, கேமில் வேகம், ஆனால் 8 ஜிபி. பக்கத்து விலையில் இரண்டும் கிடைத்தால் நான் 5060 எடுப்பேன். மெமரி போதவில்லை என்று ரிசால்வ் முனகினால் டைம்லைனை 1080-க்கு இறக்கி எடிட் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டில் மட்டும் 4கே ஆக்கிக்கொள்ளலாம். இலவசப் பதிப்பும் 3840 x 2160 வரை எக்ஸ்போர்ட் தரும். 3060 வாங்குவதானால் அட்டையில் 12 என்று இருக்கிறதா பாருங்கள். அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் உண்டு. அதில் மெமரி மட்டுமல்ல, மெமரிக்குப் போகும் பாதையும் குறுகல், 192 பிட்டுக்கு பதில் 128.

ரேம் 8 ஜிபி ஒற்றையாக வேண்டவே வேண்டாம். இரண்டாகப் போட்டால்தான் இரண்டு பாதையிலும் ஓடும். 16 + 16 போடச் சொல்லத்தான் ஆசை. 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தபின் வாய் வரவில்லை. இப்போது 8 + 8 போட்டு, ரேமுக்கு நான்கு இடமுள்ள பி660 அல்லது பி760 மதர்போர்டு வாங்குங்கள். எச்610 போர்டில் இடமே இரண்டுதான்; பின்னால் கூட்ட நினைத்தால் இருப்பதைக் கழற்றி விற்க வேண்டும். டிடிஆர்4 போர்டா, டிடிஆர்5 போர்டா என்று ரேம் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒன்று மற்றதில் ஏறாது.

ஹார்ட் டிஸ்க்கைப் பட்டியலிலிருந்து அடியுங்கள். அதற்குப் பதில் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு. ஐபோனில் 4கே, 30 ஃபிரேம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி. மாமா பிரியாணிக்கு தம் போட்டுவிட்டு கேமராவை அணைக்க மறந்தால் இன்னும் ஏறும். முடிந்த வேலைகளைத் தள்ளிவைக்க ஹார்ட் டிஸ்க் ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சும்மா வரும் '500 வாட்' என்பது ஸ்டிக்கரில் இருக்கும் 500. பல வருடம் முன்பு அப்படி ஒன்றை நம்பி ஓட்டினேன். வைகாசி சீசன் நடுவில் பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை. போகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. மெமரி கார்டுகளை அழிக்காமல் வைத்திருந்ததால் இரண்டு வீட்டாரிடம் உதை வாங்காமல் தப்பினேன். உங்கள் மெஷினில் 5060-க்கு 145 வாட், 3060 என்றால் 170. பிராசஸர் முழு மூச்சில் 117. ஆக, 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் முத்திரையுள்ள, தனியாக டப்பாவில் வரும் 550 வாட் தாராளம். 750 வாட் வாங்கு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேபினட் முன்பக்கம் வலையாக இருக்கட்டும், கண்ணாடி அல்ல. சித்திரை மாதத்துத் திண்டுக்கல்லில் கண்ணாடிப் பெட்டிக்குள் கார்டு வேகும். மானிட்டர் 24 இன்ச், ஐபிஎஸ் பேனல் (சாய்ந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாதது). மலிவான டிஎன் பேனலில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் சாம்பார் ரசமாகத் தெரியும்; சமையல் சேனலுக்கு அது ஆகாது.

பில் போட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும்போது அந்தப் பில்லைத்தான் முதலில் கேட்பார்கள். ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் அதில் இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவுக்கே போய் வாங்குவதானால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும்.

கேள்வி: மகனுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கினோம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் லைட், ஃபேன் எல்லாம் ஓடுகிறது. கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. கம்ப்யூட்டரில் கோளாறா? — ஒரு தாய், திருநெல்வேலி.

பதில்: கோளாறு இல்லை அம்மா. கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தை ஃபேன் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் தாங்காது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் 'யுபிஎஸ் மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் உண்டு. அதைப் போட்டால் சீக்கிரம் மாறும். இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குத் தனி யுபிஎஸ்தான். அதில் எழுதியிருக்கும் விஏ-வை வாட் என்று நினைத்துவிடாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துவிடலாம். 1000 விஏ-வுக்கு மேல் வாங்குங்கள். பழைய சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் கம்ப்யூட்டரை அதில் மாட்டவே வேண்டாம்.

கேள்வி: நானே அசெம்பிள் செய்தேன். 30,000 ரூபாய் கார்டு போட்டும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. டிரைவர் மூன்று முறை போட்டுவிட்டேன். — வாசகர், ஓசூர்.

பதில்: மானிட்டர் கேபிளை எங்கே சொருகியிருக்கிறீர்கள்? மேலே, யுஎஸ்பி பக்கத்தில் இருந்தால் அது போர்டின் எச்டிஎம்ஐ. பிடுங்கிக் கீழே கார்டில் சொருகுங்கள். வெட்கப்பட வேண்டாம், நான் மூன்று வாரம் அப்படித்தான் ஓட்டினேன்.