அம்மாவின் தலைவலிக்குக் களைப்பு காரணமா?

கேள்வி: டெக்சஸில் ஆஸ்டின் அருகே இருக்கிறோம். காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி, 2014 மாடல் டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கி, வாரக்கடைசியில் குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம். அடுப்புக்கு மேலே கூரை வென்ட் ஃபேனில் பிசுக்கும் தூசியும் அப்பிக் கிடக்கிறது. குளிர் இறங்குகிறதென்று இப்போதைக்குப் பிளாஸ்டிக் தாள் வைத்து டேப் ஒட்டியிருக்கிறேன். ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு உள்ளே தோசை சுட்டால் தலைவலி வருகிறது, பயணக் களைப்பு போல. வென்ட்டை எப்படிச் சுத்தம் செய்வது, எந்தப் பசை பூசுவது?

பதில்: பயணக் களைப்பா? அதை யார் சொன்னது, டாக்டரா, நீங்களா? வீட்டில் சமைக்கும்போதும் அம்மாவுக்குத் தலை வலிக்கிறதா? வெளியே வந்து உட்கார்ந்தால் விட்டுவிடுகிறதா? பசையைப் பற்றி விசாரிக்கத் தெரிந்த பிள்ளை பெற்றவளிடம் இதைக் கேட்கவில்லை.

புரொப்பேன் கேஸ் அடுப்பைக் காற்றுப் போக வழியில்லாத பெட்டிக்குள் எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. முதலில் தலைவலி, அப்புறம் தலைசுற்றல், குமட்டல். கண்ணை மூடிப் படுத்தவர் எழுந்திருக்காமலே போகலாம், தம்பி.

டேப்பை இன்றே கிழியுங்கள். அடுப்பையும் ஒரு மெக்கானிக் பார்க்கும்வரை பற்றவைக்காதீர்கள். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய், மூடிய வண்டிக்குள் கேஸ் அடுப்பு எரிந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். வண்டிச் சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கும். அதைத் திருப்பித் தேதி பாருங்கள். அதன் ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 7 வருடம்தான். 2014இல் வந்ததே இன்னும் தொங்கினால், பட்டனை அழுத்தினால் கத்துகிறதே என்று நம்பாமல் புதிதாக வாங்குங்கள்.

சொட்டும் தண்ணீரும் மழைத் தண்ணீர்தானா என்று பாருங்கள். புரொப்பேன் எரிந்தால் நீராவியும் வரும். வெளியேற வழி இல்லாதபோது குளிர்ந்த இடத்தில் படிந்து சொட்டும். மழையே இல்லாத நாளில், அடுப்பு எரிந்தபின் சொட்டினால், அது உங்கள் டேப் செய்த வேலை.

சுத்தம் செய்வது பெரிய வித்தையல்ல. ஃபேனின் ஃபியூஸைக் கழற்றுங்கள். உள்பக்கச் சட்டத்தின் ஸ்க்ரூக்களை எடுத்து, கொசுவலையைச் சோப்புக் கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேயுங்கள். இறக்கைகளை ஈரத்துணியால் துடைக்கலாம். மோட்டாரில் தண்ணீர் படக் கூடாது. வெயிலில் மொறுமொறுத்துப்போன வென்ட் மூடி கைபட்டாலே விரிசல் விடும். விரிசல் விட்டால் மாற்றிவிடுங்கள், 14க்கு 14 அங்குல வென்ட்தான் பெரும்பாலான வண்டிகளில். கீல் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பழையதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

கூரை ரப்பராக இருந்தால் பெட்ரோலியம் கலந்த கிளீனர் ஆகாது, ரப்பர் உப்பிவிடும். விளிம்பில் விரிசல் இருந்தால் அந்தக் கூரைக்கென்றே விற்கும், தானாகப் பரவிச் சமமாகும் லேப் சீலன்ட் என்ற பசையைப் பூசுங்கள். கடையில் கிடைத்த சிலிக்கோன் பசையை அப்பினால் பின்னால் எதுவும் அதன்மேல் ஒட்டாது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த விளிம்பைப் பாருங்கள்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. ஊர்சுற்றிக் காட்டத்தானே அம்மாவை அவ்வளவு தூரம் வரவழைத்தீர்கள்? வாரக்கடைசியிலும் அந்தப் பெட்டிக்குள் கரண்டி பிடிப்பது ஏன் அவர்? கை இரண்டும் இருக்கிற மகன், மருமகள் எங்கே போனார்கள்? அடுத்த பயணத்தில் கேம்ப் அடுப்பை வெளியே மேசையில் வைத்து நீங்கள் சுடுங்கள், அம்மா சாப்பிடட்டும். கூரையைப் பார்க்க ஏறும்போது ஏணியைப் பிடிக்கவும் அவரைக் கூப்பிடாதீர்கள்.