ஒரு சம்பளம் நின்ற வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வீட்டில் ஒருவருக்கு வேலை போய்விட்டது, இருக்கிற பணத்தில் எப்படி ஓட்டுவது?

*கணவருக்கு வேலை இல்லை. மாதச் செலவில் எவ்வளவு குறைக்கலாம்? உடனே பதில் தேவை. (வாசகி, மதுரை)*

உங்கள் வருமானம் எவ்வளவு, வாடகை வீடா சொந்த வீடா, கடன் உண்டா, எத்தனை பிள்ளைகள்? ஒன்றும் எழுதவில்லையே அம்மா, நான் எதை வைத்துச் சொல்வது? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முப்பது நாள் செலவை எழுதுங்கள். டீ, ரீசார்ஜ், கோவில் உண்டியல் எல்லாம் அதில் வர வேண்டும். எழுதாமல் எந்தச் செலவும் குறையாது. எழுதிவிட்டு மறுபடி கேளுங்கள்.

*மளிகை, காய்கறிக்கே மாதம் பன்னிரண்டாயிரம் ஆகிறது. நாங்கள் நான்கு பேர். (வாசகி, மதுரை அண்ணா நகர்)*

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999இல் உங்கள் அண்ணா நகரில்தான் திறந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலுக்கு வரும் வண்டியில் ஏன் வாங்குகிறீர்கள்? காலையிலேயே போங்கள். விலைப் பலகையைப் பார்த்து வாங்குங்கள். வாரம் இரண்டு தடவை போதும்.

அரிசி, பருப்பு, புளி, வத்தலுக்கு மாதம் ஒருமுறை மொத்தக் கடைகள் இருக்கிற கீழமாசி வீதி. மகளிர் இலவசப் பயணம் உள்ள டவுன் பஸ்ஸில் நீங்களே போனால் போக்குவரத்துச் செலவும் இல்லை. ஆனால் நோட்டில் பட்டியல் எழுதாமல் போகாதீர்கள், மொத்தக் கடையில் கை நீண்டுவிடும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25. வெளியே பருப்பு நூறு ரூபாய்க்கு மேல். ரேஷன் வரிசையில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்துக்கு இது நேரம் இல்லை.

*எல்ஐசி பாலிசியை சரண்டர் செய்துவிடலாமா? (வாசகர், திருநகர்)*

அவசரப்படாதீர்கள். தேதி தாண்டினாலும் மாதப் பிரீமியத்துக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. காலாவதியானாலும் பொதுவாக ஐந்து வருடத்துக்குள் புதுப்பிக்கலாம். பாதியில் சரண்டர் செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். உயிருக்கு மட்டும் காப்பீடு தரும் டேர்ம் பாலிசியாக இருந்தால் மட்டும் எப்பாடுபட்டாவது கட்டிவிடுங்கள்.

*கணவருக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வருகிறது. தாய்மாமன் சீர் ஒன்றரை லட்சம் ஆகும். தெரிந்தவர் நூற்றுக்கு மூன்று வட்டிக்குத் தருகிறார். "நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்தில் திரும்பி வந்துவிடும்" என்கிறார் கணவர். வாங்கலாமா? (வாசகி, உசிலம்பட்டி அருகே)*

வாங்காதீர்கள். இந்தப் பகுதியில் எத்தனை தடவை சொன்னாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வட்டியை எப்போதும் வருடக் கணக்கில் சொல்லிப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று என்றால் காதுக்குச் சின்னதாகக் கேட்கும். வருடத்துக்கு 36 சதவீதம் அது. ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500, வருடம் 54,000. அதைக் கட்டி முடித்த பிறகும் அசல் அப்படியே நிற்கும். அநியாய வட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் வந்தும், நம் பக்கத்தில் சீருக்கும், சொந்தக்காரர் விசேஷத்தில் செய்யும் செய்முறைக்கும் வட்டிக்கு வாங்குவது நிற்கவில்லை.

கூட்டுறவு வங்கி நகைக்கடன் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். ஆவணியிலும் தையிலும் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு வந்த பெண்களை எண்ணி முடியாது. "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "இல்லக்கா, செய்முறைக்கு" என்பார்கள். அதில் எத்தனை நகை மீட்கப்படாமல் ஏலத்துக்குப் போனது என்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. அப்பா வேலை பார்த்த மில் மூடிய வருடம், அத்தை மகளுக்குச் சீர் செய்ய அம்மாவின் எட்டு பவுன் அடகுக்குப் போனது. ஐந்து பவுன்தான் திரும்பி வந்தது. மில் மூடியதை அத்தையிடம் அப்பா சொல்லவே இல்லை. பல வருடம் கழித்துத் தெரிந்தபோது அத்தை அழுதார்: "நான் கேட்டேனா அண்ணே?"

உங்கள் நாத்தனாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் அவரிடம் பேசியதாக ஒரு வரிகூட இல்லை. பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் உங்கள் கணவரே தங்கையிடம் நேரில் போய்ச் சொல்லட்டும். நீங்கள் போனால் அண்ணி தடுக்கிறாள் என்று ஆகிவிடும். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும், ஒரு ஜோடி தோடு வேண்டும், பிள்ளைக்குப் புதுத்துணி, மாலை வேண்டும். ஐம்பத்தொரு தட்டும், மேளமும், வேட்டும், ரோட்டை அடைத்த பிளெக்ஸும் பிள்ளையின் காதுக்குத் தேவை இல்லை.

மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அவர்கள் உங்களுக்குச் செய்தது எவ்வளவோ அதைத் திருப்புவது கடமை. அதற்குக்கூட இப்போது முடியாவிட்டால், பாதியை இப்போதும் மீதியை வேலை கிடைத்ததும் தருகிறேன் என்று சொல்லலாம். அதற்கு மேல் கூட்டிச் செய்வது கடமை இல்லை.

*பி.எஃப்.பில் மூன்று லட்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாமா? கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி, மினிமம் கட்டி வருகிறோம். (வாசகி, வில்லாபுரம்)*

வருடக் கணக்கில் சொல்லிப் பாருங்கள். கார்டு வட்டி மாதம் மூன்றரை என்றால் வருடம் நாற்பதுக்கு மேல். பி.எஃப். தருவது எட்டு சொச்சம். மினிமம் கட்டுவதால் கடன் குறைவதில்லை. அதனால் கார்டை அடைக்க வேண்டியதை மட்டும் எடுங்கள். அடைத்த அன்றே கார்டை நிறுத்துங்கள். மொத்தத்தையும் எடுத்து வங்கிக் கணக்கில் போட்டால் ஆறு மாதத்தில் கரைந்துவிடும். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரியும் வரலாம். பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள்.

*கணவர் கப்பலூர் கம்பெனியில் இருந்தார். வேலை போனதும் ஈ.எஸ்.ஐ. கார்டு செல்லாதாமே? (வாசகி, திருமங்கலம்)*

யார் சொன்னது? ஈ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீடு, வேலை போன அன்றே நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு, ஜூலை முதல் டிசம்பர் வரை. சந்தா கட்டிய அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா போயிருக்க வேண்டும். கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். வேலை இழந்தவருக்கு உதவித்தொகைத் திட்டமும் ஈ.எஸ்.ஐ.யில் உண்டு. கிளை அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள்.

*மகள் ஐந்தாவது முடிக்கிறாள். தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. அரசுப் பள்ளியில் சேர்த்தால் எதிர்காலம் பாதிக்குமா? (வாசகர், மேலூர்)*

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. சேர்ப்பதானால் இந்த வருடமே சேருங்கள். ஏழாவதில் சேர்த்தால் அது கிடைக்காது.

*மனைவிக்கு வேலை போய்விட்டது. வீட்டில்தானே இருக்கிறாள், வேலைக்கு வரும் அம்மாவை நிறுத்திவிடலாமா? (வாசகர், எஸ்.எஸ். காலனி)*

நிறுத்தலாம். ஆனால் அந்த வேலையில் பாதி உங்களுடையது. அவர் அடுத்த வேலை தேட வேண்டும், இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். பாத்திரம் தேய்க்கவே பகல் போய்விட்டால் எப்போது தேடுவார்? வீட்டு இன்டர்நெட்டையும் துண்டிக்காதீர்கள். வேலைக்கு வரும் அம்மாவிடம் ஒரு மாதம் முன்னதாகவே சொல்லுங்கள். அவர் வீட்டிலும் ஒரு சம்பளம் நிற்கப் போகிறது.