அலையோரம் மெட்டல் டிடெக்டர்: வாங்குமுன் கேளுங்கள்

மெட்டல் டிடெக்டர் பற்றி வந்த கடிதங்களில், கடற்கரையில் தேடுகிறவர்கள் எழுதியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பெசன்ட் நகரில் அலையில் நின்றபோது மனைவியின் மோதிரம் நழுவிவிட்டது. நான்கு நாள் ஆகிறது. டிடெக்டர் வாங்கித் தேடினால் கிடைக்குமா? (வாசகர், அடையாறு)

பதில்: ஒரே ஒரு மோதிரத்துக்காகக் கருவி வாங்காதீர்கள். அதைப் பழகவே உங்களுக்கு ஒரு மாதம் ஆகும். நகைத் தங்கம் மணலைவிட ஆறு மடங்குக்கு மேல் கனம். அலை மணலைக் கிளறக் கிளற அது கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆகவே நாள் முக்கியம். அன்று எந்த விளக்குக் கம்பத்துக்கு நேராக நின்றீர்கள், தண்ணீர் எதுவரை இருந்தது என்று இருவரும் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதி வையுங்கள். கருவி வைத்திருக்கும் அனுபவசாலி ஒருவரை ஒரு காலை நேரத்துக்குக் கூலி பேசி, நீர் வற்றியிருக்கும்போது அழைத்துப் போங்கள். கரையில் சல்லடை போட்டு அரிப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் திருச்செந்தூரிலும் அதையே பிழைப்பாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மணல் எங்கே சேரும், எங்கே அறுபடும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் கருவிக்கும் தெரியாது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய டிடெக்டர் வீட்டுத் தோட்டத்தில் நன்றாக வேலை செய்கிறது. மணவாளக்குறிச்சி கடற்கரையில் வைத்தால் ஓயாமல் கத்துகிறது. பழுது என்று திருப்பிக் கொடுக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பழுது இல்லை. நீங்கள் நிற்கும் மணல் அப்படி. அங்கே இல்மனைட், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்து கிடப்பதால்தான் மத்திய அரசு நிறுவனம் அங்கே கனிம மணல் எடுக்கிறது. போதாக்குறைக்கு உப்புத் தண்ணீர் வேறு. ஈரமான உப்பு மணல் மின்சாரத்தைக் கடத்தும், கருமணல் காந்தத்துக்கு இழுபடும். ஒரே அலைவரிசையில் ஓடும் கருவி ஒன்றுக்கு ஈடுகொடுத்தால் மற்றொன்றுக்குக் கத்தும். ஈர மணலுக்குப் பல அலைவரிசைகளில் ஒருசேர ஓடும் கருவி வேண்டும், அல்லது காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை வேண்டும். இப்போதைக்கு சென்சிட்டிவிட்டியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அலை எட்டாத காய்ந்த மணலில் மட்டும் தேடுங்கள். உங்கள் கருவியின் விவரப் பக்கத்தில் ‘உலர்ந்த நிலத்துக்கு’ என்று இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பணம் கட்டுவதற்கு முன்பல்லவா படித்திருக்க வேண்டும்?

கேள்வி: பாட்டில் மூடியும் குளிர்பான டின் வளையமும்தான் கிடைக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தங்கத்தை மட்டும் காட்டும் மாடல் எது? (வாசகர், கடலூர்)

பதில்: அப்படி ஒரு மாடல் கிடையாது. கருவி உலோகத்தைத் திரையில் ஓர் எண்ணாகக் காட்டும்; அலுமினிய வளையத்துக்கும் மெல்லிய தங்க மோதிரத்துக்கும் ஏறத்தாழ ஒரே எண்தான் வரும். வளையத்தை ஒதுக்கினால் மோதிரமும் போய்விடும்.

கேள்வி: ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்த கருவி முதல் நாளே நின்றுவிட்டது. தண்ணீர் பட்டால் வாரண்டி இல்லை என்கிறார் கடைக்காரர். (வாசகர், புதுச்சேரி)

பதில்: எனக்கும் இதேதான் நடந்தது. என் முதல் கருவியை 6,200 ரூபாய்க்கு வாங்கினேன். விளம்பரப் படத்தில் ஒருவர் இடுப்பளவுக் கடலில் நின்று தேடிக்கொண்டிருந்தார். நான் கோவளத்தில் கணுக்கால் தண்ணீரில்தான் நின்றேன். ஓர் அலை சற்று எழும்பிக் கைப்பிடிவரை நனைத்தது. திரைக்கு உள்பக்கம், மூச்சு பட்ட கண்ணாடி போலப் பனி படர்ந்தது. ஒரு நீண்ட ஊளைச் சத்தம், அதோடு சரி. வீட்டில் திறந்து பார்த்தபோது பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: ‘தேடு வட்டு மட்டுமே நீர்புகாதது’. அந்தப் பணம் போனதைவிட, அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

ஆகவே சொல்கிறேன். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு மதிப்பும் இல்லை. எந்தப் பாகம், எத்தனை மீட்டர் என்ற இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். பெயர் பெற்ற நிறுவனங்கள் இதை ஒளிக்காமல் சொல்கின்றன. மைன்லேப் நிறுவனத்தின் வான்குவிஷ் 340, 440, 540 மாடல்களில் நீரில் இறக்கக்கூடியது கீழே உள்ள வட்டு மட்டும்தான், மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. அதே நிறுவனத்தின் எக்வினாக்ஸ் 800, துருக்கியின் நோக்டா லெஜெண்ட் இரண்டையும் முழுக் கருவியாக 3 மீட்டர்வரை இறக்கலாம். தூசும் நீரும் எந்த அளவு புகாது என்று குறிக்கும் ஐபி எண் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். ஐபி54 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவே. ஐபி67 என்பது 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம், அதுவும் நல்ல தண்ணீரில் சோதித்தது. ஐபி68 என்றால் ஆழம் எவ்வளவு என்று தயாரிப்பாளர் தனியே சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கருவியானாலும் கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் உப்பு தின்றுவிடும்.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பில், பெட்டியின் மேல் உள்ள இறக்குமதியாளர் முகவரி, கடைக்காரரின் பதில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தண்ணீரில் நிற்பதுபோல் படம் போட்டு விற்றுவிட்டுத் தண்ணீர் பட்டது என்று கைவிரிப்பது தவறான விளம்பரம். அந்த ஒரு வாதத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற அப்பா, ‘200 மீட்டர் தூரத்தில் புதைந்த தங்கத்தைக் காட்டும்’ என்று ஒரு கருவியை 85,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். கைப்பிடியில் ஓர் ஆன்டெனா, அவ்வளவுதான். கடற்கரை முழுக்கச் சுற்றியும் ஒன்றும் இல்லை. வீட்டில் யாரிடமும் பேசாமல் இருக்கிறார். (வாசகி, தூத்துக்குடி)

பதில்: முதலில் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லுங்கம்மா. இதே தந்திரத்தில் ராணுவங்களே ஏமாந்திருக்கின்றன. ஏடிஈ 651 என்று ஒரு கருவி. கைப்பிடியில் சுழலும் ஆன்டெனா, உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவும் இல்லை. கோல்ஃப் பந்து தேட என்று சுமார் 20 டாலருக்கு விற்ற பொம்மைதான் அதற்கு மூலம். அதை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று இராக்குக்குப் பல ஆயிரம் டாலர் விலையில் விற்றார்கள். சோதனைச் சாவடிகளில் அதை நம்பி நின்ற இடத்தில் உயிர்கள் போயின. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை கொடுத்தது. ஆக, உங்கள் அப்பா முட்டாள் இல்லை.

உண்மையான டிடெக்டர் தன் வட்டிலிருந்து காந்தப்புலத்தை அனுப்பி, உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டத்தைத் திரும்பக் கேட்கிறது. தூரம் கூடக் கூட அது வேகமாகத் தேய்ந்துவிடும். ஒரு மோதிரம் ஒரு சாண் ஆழத்தில் இருந்தால் காட்டும், ஒரு முழம் என்றால் அரிது. 200 மீட்டர் என்பது வாய்கூசாத பொய்.

பணம் ஆன்லைனில் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். நேரில் கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார், கூடவே 1915. கருவியை உடைக்கவோ திறக்கவோ வேண்டாம், அதுதான் சாட்சி. அப்பாவைக் கூட அழைத்துப் போங்கள். புகாரில் அவரே கையெழுத்திடட்டும்.

கேள்வி: தரங்கம்பாடி கரையில் பழைய நாணயம் கிடைத்தால் விற்கலாமா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: கலெக்டரிடம் தெரிவிக்காமல் விற்கக் கூடாது. டேனிஷ்காரர்கள் 1620இலிருந்து 1845வரை இருந்த ஊர் அது, கிடைப்பது வரலாறாக இருக்கலாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டெடுத்தவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முறையாகச் சொன்னவருக்குப் பங்கோ விலையோ கிடைக்க வழி உண்டு, மறைத்தவருக்குத் தண்டனை. நேற்று யாரோ தொலைத்த நகை என்றால் அது வேறு கணக்கு. உரியவரைத் தேடிக் கொடுங்கள், இல்லையேல் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். கோட்டை, கோயில் ஓரங்களில் மண்ணைத் தோண்டவே தோண்டாதீர்கள்.

கேள்வி: பத்து வயது மகள் டிடெக்டர் கேட்கிறாள். விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு செலவா என்று தயங்குகிறேன். ஜனவரியில் விடுமுறை நாட்களில் நீலாங்கரையில் நடக்கப் போகிறோம். (வாசகி, சென்னை)

பதில்: இப்போதைக்கு ஒரு சமையலறைச் சல்லடையும் சின்ன மண்வெட்டியும் போதும். மண்வெட்டி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் வாங்கிய தகர மண்வெட்டி இரண்டாம் வாரமே வளைந்துவிட்டது. ஆறு மாதம் கழித்தும் ஆசை குறையாவிட்டால் கருவி வாங்கிக் கொடுங்கள்.

விடிவதற்கு முன் போங்கள். அலை தொட்டுத் திரும்பிய மணலில், நண்டு வளையின் வாயைச் சுற்றி மிளகு மிளகாக மணல் உருண்டைகள் கிடக்கும். குனிந்து அசையாமல் நின்றால், காம்புக் கண்கள் இரண்டு முதலில் வெளியே வரும். மேலே காய்ந்த மணலில் ஆட்டுக் குளம்பு போன்ற இலையோடு அடும்பங்கொடி. அதன் ஊதாப் பூவை வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டும். மணல்மேடு உள்ள கரைகளில் ராவணன் மீசைப் புல்லின் முள் உருண்டைகள் காற்றில் உருண்டு போகும். துரத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், கை குத்தும், பரவாயில்லை.

ஜனவரி முதல் மார்ச்வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். டிராக்டர் சக்கரம் ஓடியது போன்ற ஒரு தடம் கடலிலிருந்து மேலே ஏறித் திரும்பியிருந்தால், அந்த வளைவில் சல்லடை, மண்வெட்டி எதுவும் வேண்டாம். ஒன்றரை அடி ஆழத்தில் நூறுக்கு மேல் முட்டைகள் இருக்கும். டார்ச்சை அணைத்துவிடுங்கள். 1988இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் அந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். அவர்களோடு ஓர் இரவு நடக்க மகளை அழைத்துப் போங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.