செவ்வாய் ஏழிலா, ஆறிலா? முதலில் மணிக்கூட்டைக் கேளுங்கள்

கேள்வி: என் மகள் 1999 மார்ச் 24ஆம் திகதி காலை 9.30க்கு மல்லாவியில் பிறந்தவள். எழுதிய சாதகக் குறிப்பு 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளன் கரையில் தொலைந்துவிட்டது. நேரம் மட்டும் என் தாயாருக்கு நினைவிருக்கிறது. இப்போது ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை 1996 ஆகஸ்டில் வவுனியா டவுனில் பிறந்தவர். எங்கள் ஊர்ச் சாத்திரியார், பிள்ளைக்குச் செவ்வாய் ஆறாம் இடத்தில், செவ்வாய்க் குற்றம் இல்லை என்கிறார். மாப்பிள்ளை பகுதியார் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, செவ்வாய் ஏழில், அதைச் சனி நேரே பார்க்கிறான், பொல்லாத அமைப்பு என்கிறார்கள். தகப்பனை யுத்தத்தில் இழந்ததும் இதனால்தான் என்று சொந்தத்துக்குள் ஒரு கதை. யாரை நம்புவது?
- முல்லைத்தீவு மாவட்ட வாசகி

பதில்: இருவர் கணக்கிலும் பிழை இல்லை. இருவரும் எடுத்துக்கொண்ட நேரம்தான் வேறு.

இலங்கையில் 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை இருந்தது. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த, மல்லாவி உள்ளிட்ட வன்னியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை; பழைய நேரம்தான் ஓடியது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய் வந்தவர்களுக்கு இந்தப் பழைய நேரம், புது நேரம் நன்றாகவே நினைவிருக்கும். போனில் உள்ள செயலிகள் பல, 1999, இலங்கை என்று கொடுத்ததும் புது நேரம் என்று தாங்களாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் ஊர்ச் சாத்திரியாரோ பழைய நேரமாக வைத்துக் கணித்திருக்கிறார்.

அரை மணித்தியாலம் பெரிய விசயமா என்றால், பெரும்பாலும் இல்லை. இலக்கினம் என்பது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி; ஒரு இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நிற்கும். ஆனால் உங்கள் பிள்ளை பிறந்தது சரியாக எல்லையில். அன்று வன்னியில் பழைய நேரப்படி காலை 9.15ஐ ஒட்டி மேட இலக்கினம் முடிந்து இடபம் தொடங்குகிறது. 9.30 பழைய நேரம் என்றால் இடப இலக்கினம். அதிலிருந்து எண்ணினால் துலாத்தில் நிற்கும் செவ்வாய் ஆறாம் இடம். அது புது நேரம் என்றால் உண்மையில் பழைய 9.00 மணி, மேட இலக்கினம், செவ்வாய் ஏழாம் இடம்.

ஆகவே முதல் வேலை உங்கள் தாயாரிடம் பக்குவமாகக் கேட்பது. "எத்தனை மணி?" என்று திரும்பக் கேட்காதீர்கள், அவர் 9.30 என்றே சொல்லுவார். அந்த நேரத்தை வீட்டு மணிக்கூட்டில் பார்த்தாரா, ஆஸ்பத்திரித் துண்டில் பார்த்தாரா என்று கேளுங்கள். அரசாங்கக் கடதாசியில் இருந்தது என்றால் அது புது நேரமாக இருக்க இடமுண்டு. விடிந்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு பிறந்தது என்பதையும் கேளுங்கள். அன்று சூரியன் உதித்தது பழைய நேரப்படி ஆறேகாலுக்குக் கொஞ்சம் முன். வெயில் ஏறியதை வைத்துச் சொல்லும் கிழவிகள் மணி சொல்லுபவர்களைவிடத் திறம்.

சரி, இனி அந்தப் "பொல்லாத அமைப்பு". இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் குற்றம் என்பது நம் பக்கத்து வழக்கு. பன்னிரண்டு இடத்தில் ஐந்து இடம்! ஊரில் பாதிப் பேருக்குக் கிட்ட இது இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஏழையும் எட்டையும்தான் கூடுதலாகக் கவனிப்பது.

சனி பார்வை உண்மைதான். மேடத்தில் சனி, எதிரே துலாத்தில் செவ்வாய். இலக்கினம் எதுவானாலும் இது மாறாது. 1999இல் மாதக்கணக்காக இப்படித்தான் நின்றது. அந்த மாதங்களில் பிறந்த எத்தனையோ பேர் இன்று பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள்.

மேட இலக்கினம் என்று வந்தாலும் நான் பயப்பட மாட்டேன். மேடத்துக்குச் செவ்வாய் இலக்கினாதிபதி, அதாவது அந்த ராசிக்கு உரியவன். அவன் சுக்கிரன் வீடான துலாத்தில் இருக்க, சுக்கிரன் அவன் வீடான மேடத்தில் இருக்கிறான், வீடு மாறி நிற்கும் இது பரிவர்த்தனை. மேடத்தில் சனி நீசம், பலம் இழந்தவன்; ஆனால் அந்த வீட்டுக்குரிய செவ்வாய் கேந்திரமான (1, 4, 7, 10இல் ஒன்றான) ஏழில் நிற்பதால் நீசபங்கம், அந்தக் குறை நீங்குகிறது. போன் செயலி சிவப்பு எழுத்தில் "தோஷம்" என்று காட்டும். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்காது. இந்த அமைப்புக்கு நான் சொல்லும் பலன், வீட்டில் சொல்லுக்குச் சொல் நிற்கும் சுபாவம். அதோடு சரி.

இடப இலக்கினம் என்றால் குற்றம் இல்லை என்று உங்கள் சாத்திரியார் சொன்னது சரி. ஆனால் அவர் அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. இடபத்துக்கு ஏழாம் அதிபதியே செவ்வாய்தான். அவன் ஆறில் பலம் குறைந்து மறைகிறான், இலக்கினாதிபதி சுக்கிரன் சனியோடு பன்னிரண்டில். கலியாணம் பேசிப் பேசி இழுபடும், கடன் வாங்கிச் செய்தால் அந்தக் கடன் பிறகு வீட்டுக்குள் கதையாகும். சொல்லப்போனால் இந்தக் குறிப்புக்குத்தான் நான் கூடுதலாகக் கவனம் சொல்லுவேன். சந்திரன் நிற்கும் ராசி மிதுனம், அங்கிருந்து செவ்வாய் ஐந்தில், அதில் குறை இல்லை.

அப்புறம், தகப்பன் கதை. சாத்திரத்தில் தகப்பனுக்கு ஒன்பதாம் இடமும் சூரியனும். ஏழாம் இடத்துச் செவ்வாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. 2009இல் அந்தக் கரையில் போன உயிர்களுக்குப் பிள்ளையின் குறிப்பில் கணக்குத் தேடுபவர்களை வாசலோடு அனுப்புங்கள், தங்கச்சி. பிள்ளையின் காதில் அந்தக் கதை இனி விழக்கூடாது.

பரிகாரத்துக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகவேண்டாம். கடன்பட்டுத் தமிழ்நாட்டு வைத்தீஸ்வரன் கோவிலுக்கு ஓடவும் தேவையில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து முருகன் கோவிலில் பிள்ளை ஒரு விளக்கு வைத்தால் போதும். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி இருந்தால் வைகாசியில் அதை முடித்துவிடுங்கள்.

பொருத்தத்தை இப்போதே முடிவு செய்யவேண்டாம். மாப்பிள்ளை பிறந்த 1996 ஆகஸ்டில், அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியா டவுனில் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே ஓடியது. அது பாதி இலக்கினம். அவருடைய குறிப்பை எழுதியவர் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கழித்தாரா என்று மாப்பிள்ளை பகுதியிடம் கேளுங்கள். குறிப்பின் தலைப்பில் "புதிய நேரம்" என்றோ "பழைய நேரம்" என்றோ எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு குறிப்பையும் ஒரே சாத்திரியாரிடம், ஒரே பஞ்சாங்கத்தில், பழைய நேரத்துக்கு மாற்றி எழுதுவியுங்கள். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம் என்று இரண்டு வேறு பஞ்சாங்கக் கணக்கில் இருந்தால், பாவப் புள்ளிகளை (தோஷத்தை எடைபோட இடும் புள்ளிகளை) ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.